விடியச்சாமத்துச் சூப்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே சட்டிக்குள் விழுந்தன. காலைச் சாப்பாட்டுக்குச் சூப் சரிவருமா, எந்த நாட்டில் எப்படிச் செய்கிறார்கள், நம் வீட்டில் செய்தால் ஏன் பிழையாகிறது என்பவைதான் அவை. ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மகன் கொரியாவில் நாலு வருசம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். காலம்பற பிட்டும் வேண்டாம், பாணும் வேண்டாம், சோறும் சூப்பும் தாங்க என்கிறான். விடிஞ்சதும் ஆராவது சூப் குடிப்பாங்களா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: குடிக்கிறார்கள், அதுவும் வயிறு நிறைய. கொரியாவில் காலைச் சாப்பாடு என்றால் சோறு, கிம்சி, பக்கத்தில் 'குக்' என்கிற சூப் ஒரு கோப்பை. வியட்நாமில் மாட்டெலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட 'ஃபோ' விடியற்காலையிலேயே தெருக்கடையில் கொதிக்கும். சீனர்கள் ஒரு பங்கு அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வைத்த கஞ்சிக்குள் எண்ணெயில் பொரித்த மாக்குச்சியை முக்கிச் சாப்பிடுகிறார்கள். துருக்கியில் பருப்புச் சூப். துனிசியாவில், குளிர்காலக் காலையில், முதல்நாள் பாணைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் கடலைச் சூப்பை ஊற்றிச் சீரகத்தூளும் மிளகாய் விழுதும் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் 'லப்லாபி'. மிஞ்சிய பாணுக்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

நம் பக்கமும் இதற்குப் புதிதல்ல. இடியப்பத்தின்மேல் சொதியை ஊற்றுகிறோமே, அது வேறென்ன? கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புளியாணம், பாலாணம் என்று சொல்கிற அந்த 'ஆணம்' என்ற சொல் பழந்தமிழ் அகராதிகளிலும் குழம்பு, சாறு என்ற பொருளில் இருக்கிறது. மகன் கேட்பது சோற்றுக்கு ஓர் ஆணம். அவ்வளவுதான்.

அவருக்குப் பழக்கமான முளைச் சூப்பை உங்கள் சட்டியிலேயே வைக்கலாம். கொரியாவில் சோயா முளை போடுவார்கள். நமக்குப் பயறு முளை போதும். நாலு பேருக்குப் பெரிய நெத்தலிக் கருவாடு 20 கிராம் எடுங்கள். தலையையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்பையும் கட்டாயம் கிள்ளி எறியுங்கள். சூப் கசப்பது அந்தக் கறுப்பால்தான். கொரிய நெத்தலியைவிட நம் கருவாட்டில் உப்பு கூட, ஆகவே பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, வெறுஞ்சட்டியில் ஈரம் போக வறுத்து, ஒன்றேகால் லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் அவியுங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் மீன்வாடை மேலோங்கும். மீனை வடித்தெடுத்துவிட்டு மூன்று பல் உள்ளியைத் தட்டிப் போட்டு, 250 கிராம் பயறு முளையைச் சேர்த்து 3 நிமிடத்தில் இறக்குங்கள். முளை நறுக்கென்று இருக்க வேண்டும். உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்த பிறகு போடுங்கள். வெங்காயத்தாள் தூவினால் முடிந்தது.

சோயா முளையே கிடைத்தால் வேக 8 நிமிடமாவது வேண்டும். மூடியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மூடியே வையுங்கள், அல்லது முழுநேரமும் திறந்தே வையுங்கள். இடையில் திறந்து மூடினால் பச்சைச் சோயா வாடை சூப்பில் தங்கிவிடும் என்பது கொரியச் சமையலறையில் எல்லாரும் சொல்லும் எச்சரிக்கை.

கேள்வி: அறுகம்பையில் சிறிய தங்குமிடம் நடத்துகிறோம். யப்பான் பயணிகள் காலையில் மிசோ சூப் கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து மிசோ எடுப்பித்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார்கள். என்ன பிழை?
– வாசகர், பொத்துவில்

பதில்: 'கொதிக்க வைத்து' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிசோ புளிக்க வைத்த சோயா விழுது. கொதித்தால் அதன் வாசம் ஆவியோடு போய்விடும், உப்பும் மண்போன்ற கரகரப்பும்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகே அதைக் கரைக்க வேண்டும். விழுதை அப்படியே சட்டிக்குள் போட்டால் கட்டிகட்டியாக மிதக்கும். சிறிய வடிக்குள் வைத்துச் சூப்பில் தாழ்த்திக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துக் கரையுங்கள். ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லிலீற்றருக்கு, மட்டமாக ஒரு மேசைக்கரண்டி.

அடுத்த பிழை அநேகமாகத் தண்ணீர். வெறும் தண்ணீரில் மிசோவைக் கரைத்தால் அது சூப் ஆகாது. கீழே 'தாஷி' என்ற சாறு இருக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு என்ற கடற்பாசியை அரை மணிநேரம் ஊறவிட்டு மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிடுவார்கள் (கொதித்தால் வழுவழுப்பும் கசப்பும் வரும்). பிறகு 'கட்சுவோபுஷி' என்ற காய்ந்த சூரைமீன் சீவலை 20 முதல் 30 கிராம் வரை போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிப்பார்கள். கொம்புப் பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று யப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேதா கண்டறிந்தது 1908இல். மீன் சீவலில் இருப்பது இனோசினேட் என்று அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா சொன்னது 1913இல். இரண்டும் சேரும்போது சுவை பலமடங்கு எழும். அதனால்தான் இரண்டையும் போடுகிறார்கள்.

மீன் சீவலுக்குக் கடையில் தேடி அலைய வேண்டாம். நம் மாசிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்: அதே இன மீன், அதேபோல அவித்து, புகைபோட்டு, உலர்த்துவது. யப்பானில் உயர்தரமானதற்குப் பூஞ்சணமும் பிடிக்க விடுவார்கள், நாம் விடுவதில்லை. மாசி கல்போல இருப்பதால் இரண்டு நிமிடத்தில் சாறு இறங்காது. உரலில் ஒன்றிரண்டாக இடித்து, ஒரு லீற்றருக்கு 25 கிராம் போட்டு, சிறுதீயில் 10 நிமிடம் அவித்துத் துணியில் வடியுங்கள். மாசியில் உப்பு இருக்கிறது. மிசோவை முக்கால் மேசைக்கரண்டியாகக் குறையுங்கள். சிறிய சதுரமாக வெட்டிய டோஃபுவும் வெங்காயத்தாளும் போதும். உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி என்று நிரப்பினால் அது வேறு சூப்.

இன்னொன்று: மாசிச் சாறு முழு யப்பான் சுவை தராது, புகைவாசம் சற்றுத் தூக்கலாக இருக்கும். விருந்தாளியிடம் அதைச் சொல்லியே பரிமாறுங்கள். 'மாலைதீவு மீன்' என்று சொன்னால் ஆவலோடு கேட்பார்கள்.

கேள்வி: பர்மாக்காரரின் மொகிங்கா மீன் சூப்பில் வாழைத்தண்டு போடுவார்களாமே. செய்முறை தாருங்கள். ஒருமுறை செய்து பார்த்தோம், சேற்று வாடை, அடியும் பிடித்துவிட்டது.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மொகிங்காவைப் பர்மாவின் காலைச் சாப்பாடு என்றே சொல்லலாம். மட்டக்களப்பு வாய்க்கு அது அந்நியமே இல்லை: கெளிறு, வாழைத்தண்டு, வறுத்த அரிசிமா, பருப்பு வடை. எல்லாம் நம் சந்தைச் சாமான்.

ஆறு பேருக்குக் கெளிறோ விராலோ முக்கால் கிலோ. சேற்று வாடை குளத்து மீனின் சதைக்குள்ளேயே இருக்கிற ஒரு பொருளால் வருவது. மேலே மேலே கழுவினால் போகாது. புளிப்புத்தான் அதை அடக்கும். துண்டுகளில் உப்புப் பிரட்டி, பழப்புளிக் கரைசலில் 10 நிமிடம் வைத்துக் கழுவுங்கள்.

இரண்டு லீற்றர் தண்ணீரில் தட்டிய சேரத் தண்டு (எலுமிச்சைப்புல்) மூன்று, விரலளவு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மஞ்சள் போட்டு மீனை 15 நிமிடம் அவியுங்கள். மீனை எடுத்து ஆறவிட்டுச் சதையை உதிர்த்து வைத்துவிட்டு, தலையையும் முள்ளையும் அதே தண்ணீரில் திரும்பப் போட்டு இன்னும் 25 நிமிடம் சிறுதீயில் விடுங்கள். சாற்றின் கனம் முள்ளில்தான். பிறகு இரண்டு தரம் வடியுங்கள்; கெளிற்று முள் தொண்டையில் சிக்கினால் சூப்பின் பெயர் கெட்டுவிடும்.

சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி ஆறு பல், இஞ்சி, ஊறவைத்த செத்தல் மிளகாய் மூன்று ஆகியவற்றை அரைத்து, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வெங்காய வாடை கடைசிவரை நிற்கும். உதிர்த்த மீனை இதில் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டுங்கள்.

இனி நீங்கள் தவறிய இடம். கெட்டியாக்க மூன்று மேசைக்கரண்டி அரிசியை இளஞ்சிவப்பாக வறுத்து இடித்து, இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் கரைக்க வேண்டும். சுடுநீரில் கரைத்தால் கட்டி. கரைத்து வைத்ததை ஊற்றுமுன் மறுபடி கலக்காவிட்டால் மா அடியில் தங்கி, கடைசியில் ஒரு குவியலாகச் சட்டிக்குள் விழுந்து அடிபிடிக்கும். ஒரு கை ஊற்ற, மறுகை அகப்பையால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்கட்டும். முதல் கொதி வரும்வரைதான் இந்தப் பாடு. கொதித்துத் தடித்தபின் மா மிதந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும்.

வாழைத்தண்டு 150 கிராம். மெல்லிய வட்டமாக வெட்டும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அதையும் உரித்த முழுச் சின்ன வெங்காயம் பத்தையும் வதக்கிய மீனையும் சாற்றில் சேர்த்து முக்கால் மணிநேரம் சிறுதீயில் விடுங்கள். மீன்சோஸ் மூன்று மேசைக்கரண்டி. இல்லாவிட்டால் கூனி இறாலை வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி போடுங்கள், உப்பைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அவித்த முட்டைப் பாதி, தேசிக்காய், கொத்தமல்லித் தழை, பொரித்த செத்தல் மிளகாய்த்தூள், உடைத்த பருப்பு வடை எல்லாம் கோப்பையில்தான் சேரும், சட்டியில் அல்ல.

நூடுல்ஸுக்குப் பதில் இடியப்பம் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், ஆனால் சுடச்சுட அவித்த இடியப்பம் சூப்பில் விழுந்ததும் கரைந்து கூழாகும். முதல்நாள் மாலை அவித்து ஆறி இறுகிய வெள்ளை இடியப்பம் சற்றுத் தாக்குப்பிடிக்கும். அதையும் சாப்பிட உட்கார்ந்த பிறகே ஊற்றுங்கள். சாறு முழுவதையும் இரவே செய்துவைத்துக் காலையில் சூடாக்கினால் சுவை இன்னும் கூடியிருக்கும். மா தடித்திருப்பதால் அரைக் கோப்பை வெந்நீர் விட வேண்டிவரும்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் சாம்பல் நிறமாகக் கலங்கிவிடுகிறது. கடைச் சூப் மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது? காலையில் இதைக் குடிப்பது சரிதானா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். டெல்லியின் 'நிஹாரி'யின் பெயரே பகலைக் குறிக்கும் 'நஹார்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரவு முழுவதும் வெந்து சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பரிமாறப்பட்ட சாப்பாடு. ஈரானில் தலையும் காலும் போட்ட சூப்பை விடியுமுன் கடைக்குப் போய்க் குடிக்கிறார்கள். ஆர்மேனியரின் 'ஹாஷ்' குளிர்காலக் காலைக்கே உரியது. ஆகவே தாராளமாகக் குடியுங்கள்.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இரத்தமும் அழுக்கும் வெளியேறாமல் சூப்பிலேயே உறைவது. வாட்டிச் சுரண்டிய நாலு காலையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, 5 நிமிடத்தில் அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டுங்கள். சத்துப் போய்விடும் என்று தயங்க வேண்டாம், அந்த ஐந்து நிமிடத்தில் இறங்குவது நுரையும் அழுக்கும்தான். காலையும் சட்டியையும் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் இரண்டரை லீற்றர் ஊற்றுங்கள். இரண்டு, தீ. தளதளவென்று கொதித்தால் கொழுப்புச் சிறுசிறு துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்து வெளுத்துவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும்புகிற தீயில் 4 மணிநேரம். மல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு மேசைக்கரண்டி, உள்ளி எட்டுப் பல், இஞ்சி: எல்லாவற்றையும் தட்டித் துணியில் கட்டிப் போடுங்கள். தூளாகப் போட்டால் அதுவும் கலங்கல்தான். பிரஷர் குக்கரில் 50 நிமிடம் போதும். வெந்ததும் விசிலைத் தூக்கி ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே ஒரேயடியாகக் கொதித்துக் கலங்கும், தானாக ஆறவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பிழை என்று சொல்வதைத்தான் கொரியர் 'சொல்லோங்தாங்' எலும்புச் சூப்பில் வேண்டுமென்றே செய்கிறார்கள். பால்போல வெளுக்கும்வரை மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள். வியட்நாம் ஃபோவோ உங்களைப்போலத் தெளிவு கேட்கும்.

கேள்வி: இலைக்கஞ்சி வைத்தால் பச்சை நிறம் போய் மங்கிவிடுகிறது, கசக்கவும் செய்கிறது.
– வாசகி, செங்கலடி

பதில்: இலைச்சாற்றை அரிசியோடு முதலிலேயே போட்டு வேகவைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். இலையின் பச்சையத்துக்குள் இருக்கும் மக்னீசியம் நீண்ட சூட்டிலும் புளிப்பிலும் கழன்றுவிடும், நிறம் பாசிபிடித்த மாதிரியாகும். அரைக் கோப்பைச் சிவப்பரிசியை ஆறு கோப்பைத் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். அரைக் கோப்பை முதற்பால் சேருங்கள். 100 கிராம் வல்லாரையையோ சாத்தாவாரியையோ கொஞ்சத் தண்ணீரில் அரைத்து வடித்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, மூடாமல், இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். மூடினால் இலையிலிருந்து எழும் புளிப்பு ஆவி திரும்பவும் சட்டிக்குள்ளேயே சொட்டும். தேசிக்காயைக் கஞ்சிக்குள் பிழியவே கூடாது. கசப்புக்கு முற்றிய இலையும் தண்டும் காரணம். கொழுந்தும் இளமிலையும் எடுங்கள். கருப்பட்டியைக் கரைக்காமல் கடித்துக்கொண்டு குடிப்பதற்கு ஈடில்லை.

கேள்வி: சொதி திரைகிறது.
– வாசகர், கல்முனை

பதில்: காய்கறியை இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவையுங்கள். முதற்பாலை ஊற்றியதும் அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி ஆற்றுங்கள். ஓரத்தில் நுரை கூடி வந்ததும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது. தேசிப்புளி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு.

கேள்வி: நோன்புக் கஞ்சி மிஞ்சினால் சஹருக்கு (விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு) வைத்துக் குடிக்கலாமா? அடுப்பிலேயே மூடி வைக்கிறோம்.
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: அடுப்பில் மூடி வைத்ததைக் குடிக்க வேண்டாம். அசருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) முன் காய்ச்சிய கஞ்சி சஹருக்குள் பன்னிரண்டு மணிநேரம் இளஞ்சூட்டில் கிடக்கிறது. அரிசியில் இயல்பாக இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகா. 5 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டுக்குள் முளைத்துப் பெருகும். அது கக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது என்பதுதான் சிக்கல். 'கொதிக்க வைத்துத்தானே குடித்தோம், ஏன் சத்தி?' என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

சஹருக்கு வேண்டியதைத் தேங்காய்ப்பால் விடுமுன் தனியாக அள்ளி எடுங்கள். வாயகன்ற பாத்திரத்தில் மூன்று விரல் உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கிளறி ஆற்றி, இரண்டு மணிநேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். ஆழமான பானையோடு வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை சூடாகவே இருக்கும். சஹரில் தண்ணீர் விட்டுத் தளதளவெனக் கொதிக்க வைத்து, பிறகு பால் சேருங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தமும் பிரசரும். விடியமுன் வட்டைக்கு (வயலுக்கு) போகிறவர். காலையில் கஞ்சியா, சூப்பா நல்லது?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: குழைந்த வெள்ளரிசிக் கஞ்சி சோற்றைவிட வேகமாகச் செரித்துச் சீனியை ஏற்றும், இரண்டு மணிநேரத்தில் பசியும் எடுக்கும். அரிசியில் பாதியைக் குறைத்து அதேயளவு பயறோ மைசூர்ப் பருப்போ சேருங்கள். கூடவே ஒரு முட்டை அல்லது மீன் துண்டு. கருப்பட்டியும் சீனிதான், அதில் விதிவிலக்குக் கிடையாது.

பிரசருக்குச் சூப்பில் பயப்பட வேண்டியது உப்பு. உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. ஒரு கோப்பை மிசோ சூப்பில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் போய்விடும். சூப்கட்டி போடுகிறவர்கள் அதற்குமேல் உப்புச் சேர்க்கவே வேண்டாம். தேசிப்புளி, மிளகு, உள்ளி கூடினால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இலைச்சாற்றில் பொட்டாசியம் கூட என்பதால் கிளினிக்கில் கேட்டபிறகே இலைக்கஞ்சி குடிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படியே: கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வட்டைக்குக் கொண்டுபோவதானால் பிளாஸ்கைக் கொதிநீரால் ஐந்து நிமிடம் சூடாக்கிக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க நிரப்பி உடனே மூடுங்கள். பால் விட்டது வேண்டாம். பருப்புச் சூப்போ மாசிச் சாறோ கொடுத்துவிடுங்கள். எட்டு, ஒன்பது மணிக்குள் குடித்து முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாலும் முட்டையும் சேர்த்துச் சூப் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?
– வாசகி, ஏறாவூர்

பதில்: உண்மை. கொலம்பியாவின் மலைநகரங்களில், பொகோட்டா பக்கம், 'சங்குவா' என்று பெயர். பாதிப் பால், பாதித் தண்ணீர், உப்பு, வெங்காயத்தாள். மெல்லக் கொதிக்கும்போது முட்டையைக் கலக்காமல் உடைத்து விட்டு, மூன்று நிமிடத்தில் இறக்கி, காய்ந்த பாண் துண்டின்மேல் ஊற்றிக் கொத்தமல்லித் தழை தூவுவார்கள். வெங்காயத்தாளைப் பாலில் நெடுநேரம் வேகவிட்டால் வாடை அடிக்கும். நம் வாய்க்கு மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி கூடுதலாக வேண்டும். எருமைப்பாலில் செய்வதானால் பால் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கரண்டியிலேயே திகட்டும்.